உன் மாமனாரிடம் நீ பேசிய பிரெஞ்சு

மகனே,

நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். அதை விசாரிக்க நான் எழுதவில்லை. வெள்ளிமலையில் நீ கட்டப்போகிற தங்கும் விடுதிக்காகப் புதுச்சேரியில் அச்சடித்த விளம்பரத் தாளைப் போன வாரம் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்து டீக்கடையில் பார்த்தேன். எனக்குப் போண்டா அதில் வைத்துத்தான் வந்தது. தாள் ரொம்ப வழவழப்பு, எண்ணெயையே உறிஞ்சவில்லை. மேலே தங்க எழுத்தில் ‘பொட்டீக் ரிட்ரீட்’. கீழே ஷாலே என்கிற மரக் குடில் ஆறு, கூர்மே குசீன் என்கிற சாப்பாடு, ஆம்பியன்ஸ், சாயங்காலமானால் ஸ்வாரே என்கிற விருந்து, வருகிறவர்களை வரவேற்க வாசலில் கான்சியர்ஜ் என்று ஓர் ஆள். அந்த மலையில் சாமை விளையும், மரவள்ளி விளையும், அடை மழையில் பஸ் நின்றுபோகும் என்று ஒரு வார்த்தை இல்லை. ஊருக்கெல்லாம் நீ தாள் போட்டாய் இல்லையா, அதனால் நானும் இதை ஊர் பார்க்கவே எழுதுகிறேன். தனியாகச் சொன்னால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மையைப் போனில் அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாய். தை மாதம் உனக்குக் கல்யாணம். அது நடக்குமா நடக்காதா என்பதே இப்போது உன் வாயில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் படி.

உன் தாளில் இருந்த வார்த்தைகள் எனக்குப் பழைய சிநேகிதர்கள். இருபது வருஷத்துக்கு மேலாகக் கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ் பிடித்துப் போய்க் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். கரும்புக்காரர் பிள்ளைக்கும் அரிசி ஆலைக்காரர் பிள்ளைக்கும் பிரெஞ்சு எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. “தமிழ் எடுத்தா படிக்கிறது ஜாஸ்தி, மார்க்கு கம்மி. பிரெஞ்சு எடுத்தா படிக்கிறது கம்மி, மார்க்கு ஜாஸ்திங்க மேடம்” என்று ஒரு அப்பா என்னிடமே சொல்லி, நான் சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பாஷையில் ஒரு வாய்த் தண்ணீர் கேட்கத் தெரியாத பிள்ளைகள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். அதில் நீயும் ஒருவன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “ம்மா, இதுல பாதி இங்கிலீஷ்தானே. நேஷன், டேபிள், இம்பார்ட்டன்ட், பாசிபிள். மூக்கால சொன்னா பிரெஞ்சு, வாயால சொன்னா இங்கிலீஷ்” என்றாய். உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். என் பிள்ளைக்கு மூளை இருக்கிறது என்று நானும் சிரித்தேன். அந்த மூளையை நீ எந்தக் கடையில் கொண்டுபோய் விற்பாய் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

பாதி இங்கிலீஷ் என்று கண்டுபிடித்தாயே தவிர, எந்தப் பாதி என்று நீ கேட்கவே இல்லை. நான் வகுப்பில் சொன்னபோது நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். இப்போது சொல்கிறேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பிரான்ஸ் கரையிலிருந்து ஒரு படை கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்தது. வந்தவர்கள் பிரெஞ்சு பேசினார்கள். அரண்மனையில் பிரெஞ்சு, கோர்ட்டில் பிரெஞ்சு, விருந்தில் பிரெஞ்சு. உழுதவனும் ஆடு மேய்த்தவனும் மட்டும் தங்கள் பழைய பேச்சைப் பேசிக்கொண்டு கிடந்தார்கள். அதனால்தான் பட்டியில் நிற்கிற ஆட்டுக்கு ஷீப் என்று பழைய இங்கிலீஷ் பேர், தட்டில் வந்ததும் அதற்கு மட்டன் என்று பிரெஞ்சிலிருந்து வந்த பேர். அந்த மட்டனைத்தான் நம் ஊர் பிரியாணிக் கடையில் வெள்ளாட்டுக்கு வைத்திருக்கிறார்கள், அது வேறு கதை. கோர்ட், ஜட்ஜ், ரென்ட், லீஸ், டெனன்ட், சர்வே, எஸ்டேட், அக்ரிமென்ட் எல்லாம் அந்தப் படையோடு வந்த சரக்குதான். சாப்பாட்டிலும் நிலத்திலும்தான் இரண்டு பாஷைக்கும் இவ்வளவு ஒட்டுறவு. சாப்பிட்டவனும் நிலத்தை எழுதி வாங்கினவனும் ஒரே ஆள் என்பதால் அப்படி. மார்க்குக்காக இதைப் படித்தவர்கள் யாருக்கும் இது ஞாபகம் இருக்காது. ஆனால் நீ விளம்பரத் தாளில் ஒரு பக்கம் சாப்பாட்டு வார்த்தை, உன் மாமனாரிடம் நின்றபோது நில வார்த்தை என்று சரியாகப் பிரித்து எடுத்து வைத்திருக்கிறாய். அந்தச் சாமர்த்தியத்துக்கு நூற்றுக்கு நூறே போடலாம்.

வெளியூர் வார்த்தை என்றால் எனக்கு ஆகாது என்று நினைத்துவிடாதே. நம் வீட்டுப் பீரோ பிரெஞ்சுக்காரன் வார்த்தை. ரேஷன் அவன் வார்த்தை. உன் அப்பா ஜாஸ்தி, கம்மி என்று நாள் முழுக்கச் சொல்கிறார், அது எந்த நாட்டிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அந்த வார்த்தைகளெல்லாம் வந்த இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கின்றன. பீரோ என்றால் ஆயாவிலிருந்து குழந்தை வரைக்கும் எதைச் சொல்கிறோம் என்று தெரியும். உன் வார்த்தைகள் அப்படி இல்லை. எதிரில் நிற்கிறவனுக்குத் தெரியாது என்பதற்காகவே நீ அவற்றைச் சொல்கிறாய். தெரிந்துவிட்டால் அடுத்த வார்த்தைக்குத் தாவிவிடுகிறாய்.

புதுச்சேரியில் ஓட்டல் படிப்பு முடித்து நீ வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? ரிஷிவந்தியத்திலிருந்து உன் பெரியத்தை வந்திருந்தாள். நான் வைத்த மீன் குழம்பை ‘ப்ளேட்டிங்’ செய்கிறேன் என்று அடுப்படியிலிருந்து என்னைத் துரத்தினாய். அரை மணி நேரம் கழித்து ஒரு பெரிய வெள்ளைத் தட்டில் நடுவில் கைப்பிடிச் சோறு, ஓரத்தில் குழம்பை விரலால் இழுத்த மாதிரி ஒரு கோடு, அதன் மேல் ஒரு கொத்தமல்லி இலை. அத்தை தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இன்னாடா இது, கழுவாத தட்டுல சோறு போட்டு எடுத்தாந்துட்ட?” என்றாள். நீ அவள் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டாய். என்னைப் பார்த்து, “ம்மா, இவங்களுக்கெல்லாம் குசீன்னா இன்னான்னே தெரியாது” என்றாய். சின்ன வயதில் அவள் மடியில் உட்கார்ந்து அவள் கையால் மீன் முள் எடுத்துச் சாப்பிட்டவன் நீ. சங்கீதாவோடு உனக்கு நிச்சயதார்த்தம் நடந்தபோது அதே அத்தையை மண்டபத்தில் பட்டினி போட்டாய். பந்தி வேண்டாம், பஃபே என்று நீதான் ஒற்றைக்காலில் நின்றாய். அத்தை கையில் காலித் தட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து, யாராவது வந்து பரிமாறுவார்கள் என்று காத்திருந்தாள். தானே போய் அள்ளிக்கொள்வது கௌரவக் குறைச்சல் என்று அவளுக்கு. கடைசியில் தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள். நீ அன்றைக்கு மேடையில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாய்.

இதெல்லாம் சின்ன விஷயம், பிள்ளைகள் படித்துவிட்டு வந்தால் கொஞ்ச நாள் இப்படித்தான் ஆடுவார்கள் என்று விட்டுவிட்டேன். உனக்குச் சங்கீதா வாய்த்தது பெரிய அதிர்ஷ்டம் என்றுகூட நினைத்தேன். பைக்கில் விழுந்து கையை உடைத்துக்கொண்டு நீ கட்டுப்போடப் போன இடத்தில் அவள் நர்ஸ். கட்டு அவிழ்த்த பிறகும் நீ அந்த ஆஸ்பத்திரியைச் சுற்றிக்கொண்டிருந்தாய். மலைக்காரப் பெண்ணா என்று உன் அப்பா பக்கத்துச் சொந்தம் முணுமுணுத்தபோது வாயை மூடச் சொன்னது நான். அவள் அப்பா சடையன் தாம்பூலத் தட்டை மாற்றும் வரைக்கும் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். சமவெளியில் இவ்வளவு பேர் கூடிய மண்டபத்தில் அவர் உட்கார்ந்ததே அதுதான் முதல் தடவை. அந்த மனிதரைத்தான் அடுத்த மாதமே நீ உன் பார்ட்னராக்கப் புறப்பட்டாய்.

ஜீப்பில் எங்களை ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போன நாளைச் சொல்கிறேன். சடையன் வீட்டுக்குப் பின்னால் இரண்டு சரிவு. ஒன்றில் சாமை கதிர் வாங்கி நின்றது. இன்னொன்றில் புல்லும் செடியுமாக இடுப்பளவு மண்டிக் கிடந்தது. நீ அந்த இரண்டாவது சரிவில் ஏறி நின்று கையை விரித்துக் காட்டினாய். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுதும் தெரிகிறது, அதனால்தான் உன் ஆறு ஷாலேயும் அங்கேதான் வர வேண்டுமாம். அப்புறம் சடையன் தோளில் கை போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தாய். “மாமா, இது வேகன்ட்டா இருக்கிற பார்சல். நாம தர்ட்டி இயர்ஸ்க்கு ஒரு லாங் லீஸ் அக்ரிமென்ட் போட்டுக்கலாம். டெனன்ஸி நம்ம கம்பெனி பேர்ல. ரெவென்யூல உங்களுக்கு ஒரு போர்ஷன். டைட்டில் உங்ககிட்டயே இருக்கும், அதுல டவுட்டே வேணாம்.” நான் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டே வந்தேன். வேகன்ட், பார்சல், லீஸ், அக்ரிமென்ட், டெனன்ஸி, கம்பெனி, ரெவென்யூ, போர்ஷன், டைட்டில், டவுட். ஒன்றுகூடப் பாக்கி இல்லை, அந்தப் படையோடு கப்பலில் வந்தது அத்தனையும் வெள்ளிமலையில் இறங்கிவிட்டது. முக்கியமான வார்த்தைகளில் தமிழ் ‘மாமா’ ஒன்றுதான்.

சடையன் என்ன சொன்னார்? “ஆவட்டுங்க மாப்ள. நீங்க படிச்சவரு, பாத்து செய்ங்க” என்றார். அவரையும் நான் பெரிய ஞானி என்று சொல்ல மாட்டேன். புரியாததற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு, நீ வாசலில் நிறுத்தப்போகும் கான்சியர்ஜுக்குத் தொப்பி உண்டா என்று கேட்டார். ஆனால் அவர் ஆட்டிய தலைக்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். தட்டு மாற்றிய பிறகு, தாலி ஏறுகிற வரைக்கும், மாப்பிள்ளை கேட்டதற்கு இல்லை என்று சொல்லப் பெண்ணைப் பெற்றவனுக்கு வாய் வராது. நீ ஒரு பைக்கைக் கேட்டிருந்தாலும் ‘ஆவட்டுங்க’, அவர் வீட்டுக் கூரையைக் கேட்டிருந்தாலும் ‘ஆவட்டுங்க’தான். அந்த இரண்டு மாத இடைவெளியைப் பார்த்து நீ பேசப் போனாய். கீழே இறங்கும்போது ஜீப்பிலிருந்து புதுச்சேரியில் உன் கம்பெனிக் கூட்டாளிக்குப் போன் போட்டு, “மாமா ஓகே சொல்லிட்டாரு. சைட்டு சும்மாத்தான் கெடக்குது” என்றாய். முன் சீட்டிலிருந்து உன் அப்பாவும், “ஆமாண்டா, நல்ல நெலம், வீணா போட்டு வெச்சிருக்காங்க” என்று ஒத்து ஊதினார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கோமுகி அணைத் தண்ணீரில் பிழைக்கிற ஊர்க்காரர். கரும்பை வெட்டினால் கட்டையிலிருந்து மறுபடி தழைக்க விடுவார், அதுவும் தீர்ந்தால் மறுநாளே உளுந்துக்கு ஏர் பூட்டுவார். நம் ஊரில் ஒருவன் நிலம் ஒரு பருவம் சும்மா கிடந்தால் அவன் கோர்ட்டுக்கு அலைகிறான் அல்லது படுத்த படுக்கையாகிவிட்டான் என்று அர்த்தம். நானும் அந்த ஊர்க்காரிதான், எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது. நமக்குப் புல் மண்டின நிலம் என்றால் ஆளில்லாத நிலம். ஆனால் நீ மருமகனாகப் போகிறவன். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு வருஷமாகத் தினமும் மணிக்கணக்கில் போனில் பேசுகிறாயே, என்னதான் பேசுவாய்?

மூன்றாம் நாள் டூட்டி முடிந்து சங்கீதா நம் வீட்டுக்கு வந்தாள். நீ புதுச்சேரி போயிருந்தாய். காபியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே, “அத்தே, அன்னிக்கி அவரு சொன்னது எங்கப்பாவுக்கு ஒண்ணும் புரியல. அப்பா திருப்பிச் சொன்னதுல எனக்கே பாதிதான் புரிஞ்சுது. உங்களுக்குப் புரிஞ்சுதா?” என்றாள். புரிந்தது என்றேன். தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவள் அப்பா முப்பது வருஷத்துக்கு அந்தச் சரிவில் ஏர் கட்ட முடியாது. சுற்றி வேலி வரும். மாடு நுழைந்தால் துரத்துவார்கள். பட்டா அவர் பேரில் இருக்கும், நிலம் இவர்கள் கையில் இருக்கும். வருகிற வருமானத்தில் ஒரு துண்டு அவருக்கு.

“எங்க நெலத்துக்குள்ள போறதுக்கு வாசல்ல நின்னு கேக்கணுமா அத்தே?”

“ஆமாம்மா.”

“அது சும்மா கெடக்குதுன்னு யார் சொன்னது? மூணு வருஷம் அதுலதான் சாமை போட்டோம். வெளைச்சல் கம்மியாயிடுச்சு, அதான் ஆறப் போட்டு வெச்சிக்கினு இருக்கோம். வர்ற ஆடில அதுலதான் வெதைக்கணும். இப்ப வெளைஞ்சிக்கினு இருக்குதே, அத அப்ப ஆற வுடுவோம். ஒண்ண எடுத்துக்கினா இன்னொண்ணும் செத்துடும். அப்பறம் எங்க வூட்ல இன்னா திங்கறது?” அவள் குரல் உயரவில்லை. நோயாளி வீட்டாரிடம் விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள். அப்புறம்தான் கேட்டாள்: “அவரு தெரிஞ்சி பண்றாரா, தெரியாம பண்றாரா?”

தெரியாமல்தான், சின்னப்பிள்ளைத்தனம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? அவனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் போன பிறகு உனக்குப் போன் செய்தேன். அந்த நிலம் ஆறப் போட்டது, அதை எடுத்தால் அந்தக் குடும்பம் சாப்பிட முடியாது, சடையனிடம் போய் எல்லாவற்றையும் தமிழில் சொல் என்றேன். நீ சிரித்தாய். “ம்மா, எல்லாம் ஒரு ஃபார்மாலிட்டிம்மா. பச்சைத் தமிழ்ல சொன்னா பயந்துடுவாங்க. வெள்ளிக்கிழமை ரெஜிஸ்டர் முடிஞ்சிடட்டும், அப்பறம் மெதுவா நான் புரிய வெச்சுக்கறேன்.” அவ்வளவுதான், எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. புரிந்தால் பயப்படுவார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. பயப்பட வேண்டிய விஷயம் என்றும் தெரிந்திருக்கிறது. கையெழுத்துக்கு அப்புறம் புரிந்தால் போதும் என்று கணக்கும் போட்டிருக்கிறாய். திருடனுக்காவது ராத்திரியில் வர வேண்டும் என்கிற வெட்கம் உண்டு. நீ பட்டப்பகலில், பெண் கொடுக்கிறவன் தோளில் கை போட்டுக்கொண்டு போகிறாய்.

சங்கீதாவுக்கு அந்தப் பதிலை அப்படியே சொன்னேன். என்னைக் கோபித்துக்கொள்ள உனக்கு உரிமை உண்டு, ஆனால் எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அவள் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. “அவரே மேல வந்து, எங்கப்பா எதிர்ல உக்காந்து, நான் இத எடுத்துக்கப் பாத்தேன், இப்ப எடுத்துக்கல, அப்படின்னு தமிழ்ல சொல்லட்டும் அத்தே. சொன்னா தை மாசம் தாலி. முடியாதுன்னா தட்ட நானே எடுத்தாந்து உங்க வூட்ல வெச்சிடறேன்” என்றாள். இதைவிட மரியாதையாக யாரும் உனக்கு இன்னொரு வாய்ப்புத் தர மாட்டார்கள். எனக்கு இருக்கிற ஆசையெல்லாம் இவள் என் வீட்டுக்கு வர வேண்டும் என்பதுதான். உன்னால் அது கெட்டுவிடும் என்று பயமாக இருக்கிறது. அவள் சொல்லச் சொன்ன வாக்கியத்தில் கூர்மேயும் இல்லை, ஷாலேயும் இல்லை. உனக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பழக்கம் விட்டுப்போன பாஷை என்பதால், போகிற வழியில் ஜீப்பில் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போ.

வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் போய்க் காத்துக்கொண்டு நிற்காதே. சடையன் வர மாட்டார். நேற்று நான் லீவு போட்டுவிட்டு மலை பஸ் ஏறினேன். அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்களே என்று பதறி, துண்டை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்து, நீ அன்றைக்குச் சரிவில் நின்று சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னேன். எந்த வார்த்தையையும் கூட்டவில்லை, உனக்காக ஒன்றைக் குறைக்கவும் இல்லை. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “இதத்தான் மாப்ள அன்னிக்கி சொன்னாருங்களா?” என்றார். இதைத்தாங்க என்றேன். கோபமாக ஏதாவது சொல்லுவார் என்று நினைத்தேன், சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் என் முகத்தை நிதானமாகப் பார்த்து, சந்தேகம் கேட்கிற மாதிரி, “நீங்க அவரப் பெத்த அம்மாதானுங்களே?” என்று கேட்டார்.

ஆமாங்க என்றேன். எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொன்ன பதில்தான் அது. நேற்றுத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

உன் அம்மா